பந்தி கலைந்த பிறகு

தமிழில் மிச்சம் என்று ஒரு சொல் இருக்கிறது. எச்சில் என்று இன்னொரு சொல்லும் இருக்கிறது. சட்டியில் கிடப்பது மிச்சம், இலையில் கிடப்பது எச்சில். இரண்டும் ஒரே அடுப்பில் வெந்த ஒரே கறிதான். கை பட்டதா இல்லையா என்பதுதான் வித்தியாசம் என்போம். உண்மையில் யாருடைய கை பட்டது என்பதுதான் வித்தியாசம். பிள்ளை கோப்பையில் விட்ட சோற்றைத் தாய் வழித்துச் சாப்பிடும்போது அதை எச்சில் என்று யாரும் சொல்வதில்லை.

பிறெஞ்சுக்காரர் அன்றாடப் பேச்சில் இரண்டுக்கும் 'றெஸ்த்' என்று ஒரே சொல்லைத்தான் பாவிக்கிறார்கள். நத்தார் முடிந்த மறுநாள் தொடங்கி இங்கத்தைய பத்திரிகைகளிலும் தொலைக்காட்சிகளிலும் இந்தச் சொல் அடிக்கடி வரும். மீந்த வான்கோழியை என்ன செய்யலாம், காய்ந்த பாணை என்ன செய்யலாம் என்று வருடந்தோறும் எழுதுவார்கள். வாசிக்கச் சுவையான பகுதிதான். ஆனால் இந்தக் குறிப்புகளுக்குப் பின்னால் முந்நூறு வருடத்துக்கும் மேலான ஒரு கதை இருக்கிறது. அது சமையல் கதை மட்டுமல்ல, யாருடைய மேசையில் மீந்தது யாருடைய வயிற்றுக்குப் போனது என்ற கதையுந்தான்.

நான் இதைப் படிப்பாளியாக நின்று எழுதவில்லை. வரலாறு படிக்கவென்று பல்கலைக்கழகம் போய் இரண்டாம் வருடத்தோடு நின்றுபோனவன். பாரிஸ் குசினிகளில் முதலில் கோப்பை கழுவினேன், பிறகு சலாட் மேசை, இப்போது அடுப்பு. பந்தி கலைந்த பிறகு என்ன நடக்கிறது என்பதைப் பந்தியில் இருப்பவனைவிடக் கோப்பை கழுவுகிறவன் நன்றாக அறிவான்.

*

கதையை வேர்சாயிலிருந்து தொடங்கலாம். பதினான்காம் லூயி 1682 இல் தன் அரசவையை அங்கே கொண்டுபோனான். அரசனின் மேசைக்குப் போகும் உணவு ஒருவன் தின்னக்கூடிய அளவினதல்ல. அது பசிக்காகச் சமைக்கப்பட்டதும் அல்ல, பார்வைக்காகச் சமைக்கப்பட்டது. மேசையிலிருந்து எடுத்த கோப்பைகள் 'செர்தோ' என்ற இடத்துக்குப் போகும். அரசனுக்குப் பரிமாறிய அதிகாரிகள் முதலில் அதில் உண்பார்கள். அவர்களுக்கும் மிஞ்சியது விலைக்குப் போகும். அரண்மனைக்கு வெளியே இதற்கென்றே கடைகள் இருந்தன. வேர்சாய் நகரத்தவர்கள் வந்து வாங்கிப் போவார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மிச்சத்தை விற்கும் உரிமை ஒரு பதவியின் வருமானம். எனவே அரசனின் மேசையில் எவ்வளவு கூட மிஞ்சுகிறதோ அவ்வளவு லாபம் கீழே இருப்பவனுக்கு. வீணடிப்பு என்பது அரசனின் ஊதாரித்தனம் மட்டுமல்ல, அதனால் பிழைக்கும் ஒரு ஏணி கீழே இருந்தது. அந்த ஏணியின் கடைசிப் படியில் நின்றவனுக்கு அரசன் தொட்ட கோழியின் எலும்பு கிடைத்தது.

1789 இல் புரட்சி வந்தது. அரசவை கலைந்தது. பிரபுக்களின் சமையற்காரர் பலர் வேலை இழந்தனர். புரட்சிக்கு முன்னரே பாரிஸில் தலைகாட்டிவிட்ட றெஸ்ரோறன்ற் தொழில் அதன் பின்னர் வேகமாகப் பெருகியது. அரசன் போய்விட்டான், ஏணி போகவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது பாரிஸின் நடுச் சந்தையான 'லெ ஆல்' இல் புதிய உருவத்தில் வந்து நின்றது.

அங்கே ஒருவகை வியாபாரிகள் இருந்தனர். மக்கள் அவர்களைக் கேலியாக 'பிஜுத்தியே', அதாவது நகைக்கடைக்காரர், என்று அழைத்தார்கள். பெரிய றெஸ்ரோறன்றுகளிலிருந்தும் மந்திரிகள், தூதுவர்கள் வீடுகளிலிருந்தும் மீந்த உணவை வாங்கி வந்து, தரம் பிரித்து, நகை அடுக்குவது போலக் கோப்பைகளில் அடுக்கி விற்பதுதான் அவர்களின் தொழில். ஒரு கோப்பையில் மீன் தலை, ஒரு துண்டு இனிப்பு, பாதி கடித்த கோழிக்கால், கொஞ்சம் காய்கறி எல்லாம் சேர்ந்திருக்கும். அதற்கு 'அர்லெக்கன்' என்று பெயர். பல நிற ஒட்டுத்துணிகளால் தைத்த சட்டை போட்டுவரும் நாடகக் கோமாளியின் பெயர் அது. பட்டினிக்கு இவ்வளவு அழகான பெயர் வைக்க ஒரு பெரிய நகரத்தால்தான் முடியும்.

குவாதலூப் தீவில் பிறந்து பாரிஸில் வறுமையில் வாழ்ந்த பிரிவா தங்கிள்மோன் என்ற எழுத்தாளர் 1854 இல் வந்த தனது நூலில் இந்த வியாபாரத்தை விபரித்திருக்கிறார். றெஸ்ரோறன்றுகளில் கோப்பை கழுவுகிறவர்களிடம்தான் இந்த வியாபாரிகள் மிச்சத்தை வாங்கினார்கள் என்று அவர் சொல்கிறார். எங்கள் தொழிலின் மூதாதையர்கள் அவர்கள். பள்ளிக்கூடங்களிலும் வீடுகளிலும் எறிந்த பாண் துண்டுகளைப் பொறுக்கி, நல்லதைச் சூப்புக்கு வறுத்தும், மற்றதை இறைச்சித் துண்டில் பூசும் தூளாக்கியும் விற்றுப் பணக்காரனான ஒருவரைப் பற்றியும் எழுதியிருக்கிறார். அந்தத் தூள் மீண்டும் றெஸ்ரோறன்றுக்கே போகும். பணக்காரன் தான் எறிந்த பாணைத் திரும்பவும் காசு கொடுத்துத் தின்றான், அவனுக்கு அது தெரியாது.

நாவல்களிலும் இந்த அர்லெக்கன் இடம்பெற்றிருக்கிறது. எஜேன் சூ 1842 இல் பத்திரிகையில் தொடராக எழுதத் தொடங்கிய 'பாரிஸின் மர்மங்கள்' நாவலில், கள்ளரும் ஏழைகளும் கூடும் ஒரு மதுச்சாலையில் அது பரிமாறப்படுகிறது. எமில் ஸோலா 1873 இல் வெளியிட்ட 'பாரிஸின் வயிறு' நாவலில் வரும் காட்சி இன்னும் கூர்மையானது. சகே என்ற வயதான பெண், யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத்தான் மிச்சக் கடைக்குப் போவாள். கடைக்காரி, இது துயிலெரி அரண்மனையிலிருந்து வந்தது என்பாள். ஒருமுறை, இந்த ஆட்டிறைச்சித் துண்டு பேரரசனின் கோப்பையிலிருந்தே வந்தது என்று சொல்லிக் கொடுத்துவிடுகிறாள். கிழவி அதை ஒருவிதப் பெருமையோடு தின்கிறாள்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கனநேரம் யோசித்தேன். வெட்கமும் பெருமையும் ஒரே துண்டு இறைச்சியில் இருக்கின்றன. வாங்குவதை அயலவர் கண்டால் மானம் போகும். ஆனால் மேலே இருப்பவன் எவ்வளவு மேலே இருக்கிறானோ அவ்வளவுக்கு அவனுடைய எச்சில் உயர்ந்தது. கோவில் பிரசாதமும் அண்ணை சாப்பிட்டு எழும்பிய இலையும் பழகிய எங்களுக்கு இது புரியாத விடயம் அல்ல.

*

இதே காலத்தில், இதே நகரத்தில், மீந்த உணவுக்கு இன்னொரு வாழ்வும் இருந்தது. பல்ஸாக் 1847 இல் எழுதிய 'மச்சான் போன்ஸ்' நாவலில் வரும் வாசற்காப்பாளர் வீட்டுப் பெண், கடையில் மலிவாக அவித்த மாட்டிறைச்சி மிச்சத்தை வாங்கி வருவாள். வெங்காயத்தை மெல்லிய வளையங்களாக வெட்டி, இறைச்சியோடு பட்டரில் போட்டு, பட்டர் முழுவதும் இறைச்சியிலும் வெங்காயத்திலும் இறங்கும்வரை வதக்குவாள். வாசனை முற்றம் முழுவதும் பரவும். இதே குடும்பத்தைச் சேர்ந்த சமையலை 'மிறோத்தோன்' என்பார்கள். கொஞ்சம் வினாகிரி, கொஞ்சம் இறைச்சிச் சாறு சேர்த்து இன்றைக்கும் வீடுகளில் செய்கிறார்கள்.

வாங்கிய பொருளை வைத்துப் பார்த்தால் சகேயும் இவளும் ஒன்றுதான். இரண்டு பேரும் இன்னொருவருக்கு வேண்டாததை வாங்கினவர்கள். ஆனால் ஒருத்தி ஒளித்துத் தின்றாள், மற்றவள் முற்றம் முழுக்க வாசனை அடிக்கச் சமைத்தாள். இவளுக்கு அடுப்பு இருந்தது, வெங்காயம் இருந்தது, ஒரு மணித்தியாலம் நின்று கிளற நேரம் இருந்தது. எச்சிலை மீண்டும் உணவாக்குவது அடுப்புத்தான் என்பதே நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வருவது. அடுப்பும் அதற்கு முன் நிற்கும் உரிமையும் உள்ளவனுக்கு மிச்சம் ஒரு சமையற் பொருள். அவை இல்லாதவனுக்கு அது பிச்சை.

1860 களில் மிச்சங்களைச் சீர்செய்யும் கலை என்ற தலைப்பில் ஒரு சமையல் நூலே பாரிஸில் வந்தது. சிறு வருமானக்காரருக்குச் சமர்ப்பணம் என்று அதன் அட்டை சொன்னது. ஆசிரியர் தன் பெயரைப் போடாமல், தேர்ந்த உணவு ரசிகர் ஒருவர் என்று மட்டும் போட்டுக்கொண்டார். நடுத்தர வீட்டுப் பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை விருந்தைத் திங்கட்கிழமை வேறு உருவத்தில் மேசைக்குக் கொண்டுவருவது ஒரு திறமை என்று கற்பிக்கப்பட்டது. காய்ந்த பாணைப் பாலிலும் முட்டையிலும் தோய்த்துப் பொரிக்கும் 'பான் பெர்தூ' அதற்குப் பல நூற்றாண்டு முந்தியது. 'இழந்த பாண்' என்பது அதன் பொருள். இழந்ததை மீட்டுக்கொண்ட பிறகும் பெயரை மாற்றவில்லை.

நத்தார் வான்கோழிக்கு மறுநாள் நடக்கும் முக்கியமான காரியம் 'ஆஷி பார்மொந்தியே'. கொத்திய இறைச்சியின் மேல் மசித்த உருளைக்கிழங்கைப் பரப்பிப் போறணையில் வைப்பது. பாரிஸ் தமிழர்களுக்கு பார்மொந்தியே என்றால் மூன்றாம் இலக்க மெற்றோவில் ஒரு நிறுத்தம். அந்த மனிதர் ஒரு இராணுவ மருந்தாளர். 1756 இலிருந்து 1763 வரை நடந்த ஏழாண்டுப் போரில் பிரஷ்யரிடம் கைதியாக அகப்பட்டார். அங்கே கைதிகளுக்கு உருளைக்கிழங்குதான் சாப்பாடு. பிரான்சில் அது அப்போது பன்றித்தீனி. குட்டநோய் தரும் என்ற பயத்தில் 1748 இல் பாரிஸ் பாராளுமன்றம் அதன் பயிர்ச்செய்கையைத் தடைசெய்திருந்தது. சிறையில் அதைத் தின்றும் நோய்ப்படாமல் திரும்பிவந்தவர், நாட்டைப் பஞ்சத்திலிருந்து காக்க இதுவே வழி என்று ஆயுள் முழுக்க வாதாடினார். 1772 இல் பாரிஸ் மருத்துவபீடம் கிழங்கு உண்ணத் தகுந்தது என்று ஏற்றுக்கொண்டது. அவர் 1813 இல் இறந்தார். பேர் லாஷேஸ் மயானத்தில் அவருடைய கல்லறையில் இன்றும் ஆட்கள் பூவுக்குப் பதிலாக உருளைக்கிழங்கு வைத்துவிட்டுப் போகிறார்கள். விருந்து மிச்சத்தின் மேல் பிரான்ஸ் முழுவதும் போர்த்துகிற அந்த வெள்ளைப் போர்வை ஒரு கைதியின் கோப்பையிலிருந்து வந்தது.

இன்னொரு பெயரையும் சொல்ல வேண்டும். எதுவார் த பொமியான் பஸ்தர் நிறுவனத்தில் வேலைசெய்த விஞ்ஞானி, சமையல் எழுத்தாளர். 1863 போலந்து எழுச்சிக்குப் பின் நாட்டைவிட்டு ஓடிவந்த பெற்றோருக்கு 1875 இல் பாரிஸில் பிறந்தவர். ஜேர்மனியர் பாரிஸைப் பிடித்த 1940 இல், கட்டுப்பாட்டு உணவை வைத்து எப்படிச் சமைப்பது என்று ஒரு நூல் எழுதினார். பங்கீட்டு அட்டை பிரான்சில் 1949 வரை நீடித்தது. அந்த ஒன்பது வருடமும் மிச்சத்தைப் பாவிப்பது ஏழையின் வேலை என்று யாரும் சொல்லவில்லை. எல்லாரும் ஏழையாக இருந்த காலம் அது. அகதியின் பிள்ளை ஒருவர் அந்த நாட்டுக்கே சிக்கனம் சொல்லிக்கொடுத்தார்.

*

எமது பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை நேர்மையானதாக இராது. பழஞ்சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் தயிரும் பச்சைமிளகாயும் சின்னவெங்காயமும் போட்டுக் கரைத்துக் குடிப்பதும், விருந்துக்கு மறுநாள் எல்லாப் பழங்கறிகளையும் ஒரே சட்டியில் விட்டுச் சுண்டவைப்பதும் எமது சமையலின் பெருமையான பகுதிகள். சுண்டிய கறி முதல்நாள் கறியைவிட ருசி என்று சொல்லாதவர் இல்லை. இது அடுப்படியின் கதை.

பின்வளவின் கதை வேறு. கலியாண வீட்டிலும் செத்தவீட்டிலும் பந்தி முடிந்த பின்னர் வேலிக்கருகே காத்து நின்றவர்கள் இருந்தார்கள். பந்தலுக்கு விறகு கொத்தியதும், பறை அடித்ததும், பாத்திரம் சுமந்ததும் அவர்கள். ஆனால் பந்தியில் அவர்களுக்கு இலை இல்லை. மீந்ததை அவர்கள் கொண்டுவந்த பாத்திரத்தில் தூரத்தில் நின்று ஊற்றினோம். ஒடுக்கப்பட்ட சாதியினருக்குத் தேநீர்க் கடையில் கிளாஸ் கிடையாது, சிரட்டையும் போத்தலும்தான். தேநீர்க் கடைக்குள்ளும் 1968 இல் மாவிட்டபுரம் கோவிலுக்குள்ளும் நுழைய அவர்கள் நடத்திய போராட்டங்கள் எல்லாம் ஒரு வகையில் எச்சிலுக்கு எதிரான போராட்டங்களே. வேர்சாயில் கடைசிப் படியில் நின்றவன் காசு கொடுத்து வாங்கினான். எங்கள் வேலிக்கருகே நின்றவனுக்கு அந்த மரியாதையும் இல்லை. வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் இல்லை.

இப்போது அந்த இரு பக்கத்தவர்களும் பாரிஸில் ஒரே வரிசையில் நிற்கிறோம். வந்த புதிதில் பலருக்குக் கிடைப்பது ஹொட்டேல் அறை. அங்கே சமைக்கக்கூடாது என்று கதவில் எழுதி ஒட்டியிருக்கும். பிரான்சில் முதல் உணவு வங்கி 1984 இல் தொடங்கியது. நகைச்சுவை நடிகர் கொலூஷ் 1985 இல் 'றெஸ்தோ து கேர்' என்ற அமைப்பைத் தொடங்கினார். பசித்தவனுக்கு இவர்கள் செய்தது பெரிய காரியம். அதைக் குறைத்துச் சொல்பவன் பசி அறியாதவன். ஆனால் பொதியில் அரிசியும் பருப்பும் கிடைத்து, அடுப்பு இல்லாமல் அதைக் கட்டிலுக்குக் கீழே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர்களை நான் அறிவேன். அதிகாரிகள் கேட்கும் கேள்விகளில் சாப்பிட்டாயா என்பது இருக்கும். சமைத்தாயா என்பது இராது.

றெஸ்ரோறன்றுகளிலும் ஏணி மறையவில்லை. டிசம்பர் 24 இரவும் 31 இரவும் கோப்பைகள் பாதி நிரம்பித் திரும்பிவரும். மேசைக்குப் போய்வந்த உணவை மறுபடி பாவிக்க முடியாது. அது சுகாதார விதி, சரியான விதி. ஆனால் மேசைக்கே போகாமல் குசினியில் மீந்ததும் இருக்கிறது. நான் வேலை செய்த ஒரு இடத்தில் அதைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள். கொண்டுபோக விட்டால் வேண்டுமென்றே கூடச் சமைப்பீர்கள் என்றார் முதலாளி. வேர்சாயின் பழைய கணக்கு அவருக்குத் தெரிந்திருந்தது. அங்கே எங்கள் கையாலேயே நல்ல இறைச்சியைக் கறுப்புப் பைக்குள் கொட்டினோம். கொட்டிய ஆறு பேரில் நாலு பேர் தங்கள் வீட்டுக்கு மாதாமாதம் காசு அனுப்புகிறவர்கள்.

சட்டம் கொஞ்சம் அசைந்திருக்கிறது. 2016 பெப்ரவரியில் வந்த சட்டம், 400 சதுர மீற்றருக்கு மேற்பட்ட பல்பொருள் அங்காடிகள் விற்காத நல்ல உணவை அழிப்பதைத் தடுத்து, உதவி அமைப்புகளோடு ஒப்பந்தம் செய்யச் சொன்னது. 2021 யூலை 1 முதல், மீந்ததைக் கொண்டுபோகப் பெட்டி கேட்கும் வாடிக்கையாளருக்கு றெஸ்ரோறன்ற் அதைக் கொடுக்க வேண்டும். ஆனால் கேட்பவர் குறைவு. நன்றாக உடுத்திய ஆள், பாதிக் கோப்பையைப் பார்த்துவிட்டு, பக்கத்து மேசையையும் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் எழும்பிப் போகிறார். ஸோலாவின் கிழவி பார்த்த அதே பார்வை. தன் காசில் வாங்கியதையே வீட்டுக்குக் கொண்டுபோக வெட்கப்படுகிறார்கள் என்றால், எச்சில் என்ற சொல் இல்லாத மொழியிலும் எச்சில் இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

*

அடுப்பு கிடைத்தவர்களுக்காக ஒரு குறிப்பு. நாலு பேருக்கு அரைக் கிலோ அளவில் மீந்த வான்கோழி அல்லது கோழி இறைச்சியை எலும்பிலிருந்து உரித்துச் சிறிதாகக் கொத்துங்கள். எலும்பை எறியாதீர்கள். ஒரு வெங்காயம், மிளகு, கறுவாத் துண்டு போட்டு ஒரு மணித்தியாலம் அவித்தால் சாறு கிடைக்கும். பட்டரில் இரண்டு வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கி, உள்ளி, கறிவேப்பிலை, ஒரு கரண்டி வறுத்த மிளகாய்த்தூள் போட்டு, இறைச்சியைச் சேர்த்துப் பிரட்டி, அந்தச் சாற்றில் கொஞ்சம் விட்டு வற்றவிடுங்கள். ஒரு கிலோ உருளைக்கிழங்கை அவித்துச் சூடான பாலும் பட்டரும் விட்டு மசியுங்கள். தட்டத்தில் இறைச்சி கீழே, கிழங்கு மேலே. அதற்கும் மேலே காய்ந்த பாண் தூள். 200 பாகையில் இருபத்தைந்து நிமிடம். எங்கள் வீட்டில் இதைப் பிள்ளைகள் 'பார்மொந்தியே கறி' என்கிறார்கள்.

தொழில்முறையாக ஒன்று. மீந்ததை விடியும்வரை மேசையில் வைக்காதீர்கள். எங்கள் குசினி விதி, சூடான உணவு இரண்டு மணித்தியாலத்துக்குள் 63 பாகையிலிருந்து 10 பாகைக்கு இறங்க வேண்டும் என்கிறது. வீட்டில் அவ்வளவு கணக்குத் தேவையில்லை. அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு, உடனே குளிர்ப்பெட்டியில் வைத்து, மறுநாள் நன்றாகக் கொதிக்கச் சூடாக்கினால் போதும். சோற்றுக்கு இது இன்னும் முக்கியம்.

நத்தார் கழிந்து ஜனவரி 6 அளவில் பிரான்சில் 'கலெத்' என்ற மாப்பண்டம் வெட்டுவார்கள். வீட்டில் இருப்பவர்களைவிட ஒரு துண்டு கூடுதலாக வெட்டும் பழக்கம் ஒன்று உண்டு. அந்தத் துண்டுக்கு ஏழையின் பங்கு என்று பெயர். கதவைத் தட்டி வரக்கூடிய முன்பின் தெரியாதவனுக்கு அது. எங்கள் வீடுகளில் விரத நாளில் நாங்கள் சாப்பிட முதல் காகத்துக்கு ஒரு பிடி வைப்போம். இரண்டிலும் பங்கு முதலில் எடுக்கப்படுகிறது, மீந்த பிறகு அல்ல. பந்தி கலைந்த பிறகு கொடுப்பது எவ்வளவு நல்ல சாப்பாடாக இருந்தாலும் மிச்சம்தான். பந்தி தொடங்க முதல் எடுத்து வைப்பதற்குப் பெயர் பங்கு. காகத்துக்குச் செய்த மரியாதையை வேலிக்கருகே நின்ற மனிதனுக்குச் செய்யாமல் விட்டோம். இங்கே எங்கள் மேசைகளில் இப்போது எல்லாம் இருக்கிறது. ஒரு துண்டு கூடுதலாக வெட்டப் பெரிய செலவில்லை.